வேலிக்கு அந்தப் பக்கம் போன கொழுந்து

கேத்லீன் கொல்லையில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் சிரித்தவள் பக்கத்து வீட்டு ராஜம்மாதான். வாய்க்குள் சிரிக்கவில்லை. கேத்லீன் காதில் விழவேண்டும் என்றே சிரித்தாள்.

“மலாக்கா வெயில்ல உருளக்கெழங்காம். அடுத்த வருஷம் ஆப்பிள் போடுவாங்க, பாத்துக்கிட்டே இருங்க,” என்று வேலியோரம் நின்று தன் புருஷன் தனபாலனிடம் சொன்னாள். தனபாலன் அப்போது வீட்டுக்குள் குளித்துக்கொண்டிருந்தார்.

கேத்லீன் சும்மா விடுவாளா? வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு, காலைச் சுற்றி வந்த பூனையைப் பார்த்து, “சிலருக்குச் சொந்த வீட்டு லோங்காங்கையே ஒழுங்கா கட்டத் தெரியல. அடுத்தவங்க கெழங்கப் பத்திப் பேச வந்துட்டாங்க லா,” என்றாள். பூனை கொட்டாவி விட்டது.

மலாக்காவின் பத்து பெரண்டாம் பகுதியில் அடுத்தடுத்து இருந்த அந்த இரண்டு வீடுகளின் கொல்லைகளுக்கும் நடுவில் வெறும் கம்பி வேலிதான். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படியிருந்தும் கேத்லீனும் ராஜம்மாவும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. எல்லாம் ஜாடைப் பேச்சுதான். ராஜம்மா புருஷனிடம் சொல்வதுபோல் சொல்வாள். கேத்லீனின் புருஷன் சாமுவேல் இறந்துவிட்டதால் அவளுக்குப் பூனை. பூனை இல்லாத நேரத்தில் துணிக்கயிறு, குழாய், வாளி. ஒருத்தி சொன்னது மற்றவளுக்கு எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். சேராமல் தவறிய வசவு ஒன்றுகூடக் கிடையாது.

பகைக்குக் காரணம் இரண்டு பக்கமும் இருந்தது. தனபாலன் சமையலறையை இழுத்துக் கட்டியபோது பின்பக்கத்து லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாய் அடைபட்டு, மழைத் தண்ணீர் முழுதும் கேத்லீன் வீட்டுக்குள் புகுந்தது. சாமுவேல் படுக்கையில் கிடந்த காலம் அது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் நகராட்சி மஜ்லிஸுக்குப் போன் போட்டாள். மஜ்லிஸ்காரர்கள் உடனே வரவில்லை. மெதுவாக வந்து, ராஜம்மாவின் மகள் வாணியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த நாளாகப் பார்த்து, புதுச் சுவரை இடித்தார்கள். பலகாரத் தட்டுகளின் மேல் சிமெண்டுத் தூள் பறந்தது. அந்த நாளை கேத்லீன் திட்டம் போட்டுப் பிடித்தாள் என்று ராஜம்மா இன்றுவரை நம்புகிறாள். தண்ணீர் தெரிந்தேதான் திருப்பி விடப்பட்டது என்று கேத்லீன் நம்புகிறாள். கோபத்தில் இருப்பவர்களுக்குத் தங்களுக்கு நடந்தது மட்டும் நேற்று நடந்ததுபோல் இருக்கும்.

உருளைக்கிழங்கு விஷயம் வேறு. அது தேவாலயச் சபையில் கொடுத்த வாக்கு. அறுப்பின் பண்டிகைக்கு என்ன கொண்டுவருகிறீர்கள் என்று பெண்கள் ஐக்கியத்தில் கேட்டபோது, ஒருத்தி வாழைத்தார் என்றாள், ஒருத்தி பூசணி என்றாள். கேத்லீனின் வாய் சும்மா இருக்கவில்லை. “நான் உருளக்கெழங்கு. கடையில வாங்கினது இல்ல. என் வீட்ல வெளஞ்சது,” என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வாங்க முடியுமா?

முளைவிட்ட கிழங்குகளைக் கொண்டுவந்து கொடுத்தவள் செங் ஊரில் இருக்கும் அண்ணன் மகள் கிளாரிசா. கேத்லீன் அவற்றை அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பி ஊன்றினாள். வெயில் படாமல் மேலே கறுப்பு வலை கட்டினாள். நிழல் அதிகம் விழும் இடம் வேலியோரம்தான் என்பதால் சாக்குகளை அங்கே வரிசையாக வைத்தாள். மண் சூடேறினால் கிழங்கு பிடிக்காது என்று கிளாரிசா சொல்லியிருந்ததால், சாயங்காலம் ஐஸ் கட்டிகளைச் சாக்கைச் சுற்றிப் போடுவாள். அதற்கும் வேலிக்கு அப்பால் இருந்து பேச்சு வந்தது. “செடிக்குத் திங்க ஐஸ் காச்சாங் குடுக்குறாங்க. நமக்கெல்லாம் யாரு குடுக்குறா?”

செடிகள் மட்டும் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. தளதளவென்று எழும்பி, சாக்கை மீறி, வேலிக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து ராஜம்மா வீட்டுப் பக்கமும் தலை நீட்டின.

பண்டிகைக்கு முந்திய வாரத்துச் சனிக்கிழமைக் காலை. கேத்லீன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ராஜம்மா வேலியோரம் குந்தியிருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கை விறுவிறுவென்று கொழுந்துகளைக் கிள்ளிக்கொண்டிருந்தது. தன் பக்கம் நீட்டியவற்றோடு நிறுத்தவில்லை. கம்பிக்குள் விரலை விட்டு இந்தப் பக்கத்துக் கொழுந்தையும் கிள்ளினாள்.

கேத்லீன் ஜன்னலை ஒட்டிப் போய் நின்றாள். இலை போனால் கிழங்கு பெருக்காது. அது தெரிந்து, பண்டிகை நேரம் பார்த்து, செடியை மொட்டையடிக்கிறாள் பாவி என்று நினைத்தாள். வெளியே போய்ப் பூனையிடம் கத்தியிருக்கலாம். அன்று அது போதாது என்று தோன்றியது. கைப்பேசியை எடுத்து, ராஜம்மாவின் விரல்கள் கம்பிக்குள் இருக்கும்போது பார்த்து ஒரு படம் பிடித்தாள். தாமான் குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கீழே எழுதினாள்: “காலையிலேயே திருட்டு. யார் என்று நீங்களே பாருங்கள்.”

குரூப்புக்கு வேறு வேலை இல்லை போலும். சிரிப்புப் படங்கள் வந்து விழுந்தன. முன்வரிசை வீட்டுப் புவனேஷ், “ஆன்ட்டி, சிசிடிவி போடுங்க லா. செடிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு,” என்று எழுதினான். யாரோ போலீஸ் தொப்பி போட்ட பூனைப் படம் போட்டார்கள். கேத்லீன் ஒவ்வொன்றாகப் படித்தாள். தேத்தண்ணி கலக்கி, உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மனசுக்குள் நல்ல பசியில் சாப்பிட்டதுபோல் ஒரு நிறைவு.

அந்த நிறைவு தேத்தண்ணி ஆறும் வரைகூட இருக்கவில்லை. அடுத்த வீட்டுச் சமையலறையிலிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது. இது ஜாடை இல்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகளிடம் பேசும் சாதாரணக் குரல்.

“வாணி, பருப்பு வெந்துருச்சான்னு பாரு. கீரைய அலசிட்டேன். தேங்கா கொஞ்சம் தூக்கலா போட்டு கூட்டு வச்சுத் தரேன். மாசமா இருக்குறவளுக்கு எளங்கீர நல்லது.”

“என்னா கீரம்மா இது? பாத்ததே இல்ல.”

“உருளக்கெழங்குக் கொழுந்து. சக்கரவள்ளிக் கொழுந்து திங்கல? மரவள்ளிக் கொழுந்து திங்கல? சேம்புத் தண்டு திங்கல? கெழங்குக் கொழுந்து எல்லாம் ஒரே ருசிதான். அவ வீட்டுச் செடி நம்ம பக்கம் வந்தா அது நம்ம கீர.”

கேத்லீன் கிளாஸைக் கீழே வைத்தாள்.

செடியைக் கெடுக்கக் கிள்ளவில்லை. தின்பதற்குக் கிள்ளியிருக்கிறாள்.

கிளாரிசா கிழங்கைக் கொடுத்த அன்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொல்லியிருந்தாள். “அத்தே, நம்மாளுங்க எந்தக் கெழங்கு மொளச்சாலும் கொழுந்தக் கிள்ளிப் பருப்புல போட்டுருவோம். இதுல அப்படிச் செஞ்சிராதீங்க. உருளக்கெழங்கு எல வெசம். வேகவச்சாலும் போகாது. வாந்தி, வயித்தால போயி ஆஸ்பத்திரில படுக்க வச்சிரும்.” கேத்லீன் சரி சரி என்று தலையாட்டினாள். தன்னைத் தவிர வேறு யாரும் அந்த இலையைத் தொடுவார்கள் என்று அன்று நினைக்கவே இல்லை.

இப்போது அவள் மனசில் முதலில் எழுந்த சொல் நல்ல சொல் இல்லை. ‘தின்னட்டும்’ என்று எழுந்தது. திருடித் தின்கிறவளுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நான் ஊட்டவில்லை. நான் கிள்ளவில்லை. இரண்டு நாள் வயிறு போனால் கை நீளாது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நியாயங்கள் வந்து வரிசையில் நின்றன. கெட்ட எண்ணத்துக்குத் துணை வர எப்போதும் நியாயங்களுக்குப் பஞ்சம் இருப்பதில்லை.

ஆனால் அந்தக் கூட்டை முதலில் சாப்பிடப் போகிறவள் ராஜம்மா இல்லை. வாணி.

போன மாதம் ஒரு மத்தியானம். கேத்லீன் கிளினிக்குக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கயிற்றில் அவளுடைய சபைக்குக் கட்டும் வெள்ளைப் புடவை உட்பட எல்லாத் துணிகளும் கிடந்தன. திரும்பி வந்தபோது கயிறு காலி. வாசல் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வயிற்றுப் பிள்ளையோடு வேலி மேல் எட்டி, கொக்கிக் கம்பால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்திருக்கிறாள் அந்தப் பெண். கேத்லீன் நன்றி சொல்லவில்லை. சொன்னால் ராஜம்மாவிடம் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள். சொல்லாத அந்த நன்றி இப்போது நெஞ்சில் இடித்தது.

“ஆண்டவரே, என் புத்தி எங்கே போச்சு,” என்று முணுமுணுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

ஓடினாளே தவிர, வேலிக்கு முன்னால் நின்றதும் நாக்கு பழைய வழியிலேயே போயிற்று. இத்தனை வருஷப் பழக்கம். ராஜம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. பூனை சாக்கு மறைவில் படுத்திருந்தது. அதைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

“பூன, இந்த எலையத் தின்னுறாத. இதத் தின்னா வாந்தி, பேதிதான். நேரா ஆஸ்பத்திரிதான். வயித்துல இருக்குறதுக்கும் ஆகாது.”

அடுத்த வீட்டுச் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பின்கதவு படாரென்று திறந்தது.

ராஜம்மா வெளியே வந்தாள். ஒரு கையில் கரண்டி, மறுகையில் கைப்பேசி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக கேத்லீன் முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசினாள்.

“என்னா சொன்ன? என் பேரப்புள்ளைக்கு ஆகாதா? குரூப்புல திருடின்னு போட்ட. பாத்துட்டேன். சரி, என்னைய பேசுனது போகட்டும். இப்ப வயித்துல இருக்குற புள்ளைக்குச் சாபம் குடுக்குறியா? ஞாயித்துக்கெழம ஆனா அல்லேலூயா, மத்த நாளெல்லாம் இதுதானா?”

“சாபம் இல்ல ராஜம்மா.” பெயர் வாயிலிருந்து வந்துவிட்டது. “நெசமாத்தான் சொல்றேன். அந்த எல வெசம்.”

“நேத்துவரைக்கும் நல்ல எல. நான் கிள்ளுன ஒடனே வெசமா ஆயிருச்சா?”

“எப்பவுமே வெசந்தான். கெழங்கு மட்டுந்தான் திங்கலாம். எல ஆகாது. கிளாரிசா சொன்னா.”

“கிளாரிசா யாரு, டாக்டரா?”

“டாக்டர் இல்ல. ஆனா அவளுக்குத் தெரியும்.”

ராஜம்மா சிரித்தாள். காதில் விழவேண்டும் என்றே சிரிக்கும் அதே சிரிப்பு. “உன்னைய எனக்குத் தெரியாதா? செடியக் காப்பாத்தணும். கெழங்க சபையில கொண்டுபோயி வச்சுப் பேர் வாங்கணும். அதுக்காகக் கீரைய வெசம்னு சொல்ற. நீ வெசம்னு சொன்னா நான் தினமும் கிள்ளுவேன். தினமும் கூட்டு வைப்பேன். போ.”

சத்தம் கேட்டு வாணி கதவருகில் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில், மறுகையில் அவளுடைய கைப்பேசி. கோபப்படவில்லை. அதுதான் கேத்லீனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“ஆன்ட்டி, எங்கம்மாவ திருடின்னு போட்டுட்டீங்களே. என் மாமியார் வீட்டாளுங்களும் அந்தக் குரூப்புல இருக்காங்க.”

கேத்லீன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலம் வேலியைத் தாண்டி அனுப்பிய பொய்யும் குத்தலும் எல்லாம் போய்ச் சேர்ந்தன. இன்று ஒரே ஒரு உண்மையை அனுப்பினால் அது போய்ச் சேரவில்லை. தன் வாய் அதை எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாள். கிளாரிசாவைக் கூப்பிட்டுப் பேச வைத்தால், சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தாள் என்பாள். போனில் தேடிக் காட்டினால் வாங்கிப் பார்க்கமாட்டாள். உள்ளே அடுப்பில் பருப்பு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. ராஜம்மா உள்ளே போகத் திரும்பிவிட்டாள்.

“செடியக் காப்பாத்தத்தானே சொல்றேங்கிற?” என்றாள் கேத்லீன்.

“வேற எதுக்கு?”

“அப்ப பாத்துக்க.”

முதல் சாக்குக்கு முன்னால் மண்டியிட்டு, செடியைத் தூரோடு பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. வேலிக்குள் புகுந்த கிளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் பலமாக இழுத்தாள். கிளைகள் நொறுங்கி, வேர் மண்ணோடு பிய்ந்து வந்தது. அதைப் பின்னால் எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கினாள். பிறகு அடுத்தது. கறுப்பு வலையின் ஒரு முனை அறுந்து தலையில் விழுந்தது. ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலும் பிடுங்கினாள். பூனை மிரண்டு சுவர் ஏறிப் போய்விட்டது.

வேர்களில் கிழங்குகள் தொங்கின. கோழிமுட்டை அளவுகூட இல்லை. கோலிக்குண்டுபோல் சின்னச் சின்னதாக. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கொஞ்சம் பெருத்திருக்கும். ஒரு தட்டு நிறைந்திருக்கும். சபையில் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் கை ஒரு கணம் தயங்கியது. கடைசிச் செடியையும் பிடுங்கினாள்.

பிடுங்கியவை எல்லாவற்றையும் வாரி, கறுப்புக் குப்பைப் பைக்குள் இலையோடு திணித்து முடிச்சுப் போட்டாள். மூச்சு வாங்கியது. நகமெல்லாம் மண்.

“எனக்குச் செடி வேணாம்,” என்றாள். “இப்ப எந்தச் செடியக் காப்பாத்த நான் பொய் சொல்லணும்? என்னைய என்ன வேணா பேசு. மஜ்லிஸுக்கு எழுதிப் போடு. அந்தச் சட்டியில இருக்குறத மட்டும் புள்ளைக்குக் குடுக்காத.”

ராஜம்மா திரும்பி வேலியருகே வந்தாள். காலியான சாக்குகளைப் பார்த்தாள். கேத்லீன் கையைப் பார்த்தாள். சாயங்காலம் தவறாமல் ஐஸ் கட்டி போட்ட கை அது என்று அவளுக்கும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தவள் அவள்தானே. சிரிப்பதற்காகவாவது அந்தச் செடிகளை அவள் தினமும் பார்த்திருந்தாள்.

“அம்மா,” என்றாள் வாணி மெதுவாக.

ராஜம்மா உள்ளே போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேத்லீன் பார்க்க, கொல்லை மூலையில் மண்வெட்டியால் ஒரு குழி பறித்து, கீரையும் பருப்பும் தேங்காயுமாக ஆவி பறக்கும் அந்தக் கூட்டை முழுதும் கொட்டினாள். நாய் பூனை நக்காதபடி மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்தாள்.

“ருசி பாத்தியா?” என்று கேட்டாள் கேத்லீன்.

“பாக்கல. உப்பு போடல இன்னும்.” பிறகு ராஜம்மா நிமிர்ந்தாள். முகம் இளகவில்லை. “நல்லது செஞ்சிட்டேன்னு நெனச்சுக்காத. என் மானம் போனது போனதுதான். இந்நேரம் தாமானே சிரிக்குது.”

“அத எடுத்துடறேன்.”

“எடுத்தா? பாத்தவன் எல்லாம் மறந்துருவானா? தப்புன்னு போடு. எல்லாருக்கும் தெரியட்டும்.”

கேத்லீன் கையைப் புடவையில் துடைத்தாள். கைப்பேசியை எடுத்தாள். எழுத நேரம் பிடித்தது. ஒரு தடவை எழுதியதை அழித்தாள். திருட்டு என்று எழுதும்போது பறந்த விரல் இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று போயிற்று. எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் உரக்கப் படித்துக் காட்டினாள்.

“ராஜம்மா திருடவில்லை. என் செடி வேலியைத் தாண்டிப் போயிருந்தது. தெரியாமல் நான் போட்டது தப்பு. மன்னிக்கவும். உருளைக்கிழங்கு இலையில் விஷம் இருக்கிறது. யாரும் கீரை என்று சமைக்க வேண்டாம்.”

“தெரியாம இல்ல,” என்றாள் ராஜம்மா. “கோவத்துல போட்ட.”

கேத்லீன் ‘தெரியாமல்’ என்பதை அழித்து ‘கோபத்தில்’ என்று எழுதி அனுப்பினாள். குரூப்பில் யாரும் சிரிப்புப் படம் போடவில்லை. சற்று நேரம் கழித்துப் புவனேஷ் மட்டும், “ஓகே ஆன்ட்டி, எங்கம்மாகிட்டயும் சொல்லிடறேன்,” என்று எழுதினான். வேலிக்கு அந்தப் பக்கம் வாணியின் கைப்பேசி டிங் என்றது. அவள் படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். ராஜம்மா அதை வாங்காமல், கண்ணை மட்டும் ஓட்டினாள்.

“இப்ப இந்தப் புள்ள மத்தியானம் என்னா திங்கும்?” என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று சொல்ல முடியாது. பழைய ஜாடையும் இல்லை, நேர்ப் பேச்சும் இல்லை.

கேத்லீன் உள்ளே போனாள். முந்தின நாள் பாசாரில் வாங்கிய தண்டுக்கீரை ஒரு கட்டு, ஈரத் தாளில் சுற்றி ஐஸ்பெட்டியில் இருந்தது. அது அவளுடைய அன்றைய சமையல். எடுத்துக்கொண்டு வந்து வேலிக்கு மேலாக நீட்டினாள்.

ராஜம்மா உடனே கை நீட்டவில்லை. கட்டைப் பார்த்தாள், கேத்லீனைப் பார்த்தாள். வாணிதான் வாங்கினாள். “தேங்க்ஸ் ஆன்ட்டி.”

“நான்தான் சொல்லணும்மா. அன்னைக்கு மழையில துணி எடுத்து வச்சியே. சொல்லாம விட்டுட்டேன்.”

“அது சும்மா லா ஆன்ட்டி.”

ராஜம்மா மகள் கையிலிருந்து கட்டைப் பிடுங்கி, பிரித்து, ஒவ்வொரு தண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷக் கோபத்துக்கு ஒரே ஒரு புழுவாவது கிடைக்காதா என்று தேடுவதுபோல் இருந்தது. புழு இல்லை.

“தண்டு முத்தல்,” என்றாள்.

“முத்தலக் கிள்ளிப் போட்டுட்டு ஆக்கு,” என்றாள் கேத்லீன்.